காலிக் கோட்டையைச் சுற்றிப் பார்க்கவும் நன்றாகச் சாப்பிடவும்: முழுமையான வழிகாட்டி

இலங்கையின் காலிக்கு முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் போகிறார்கள். காலையில் கொழும்பிலிருந்து கிளம்பி 11 மணிக்கு இறங்குவார்கள். உச்சி வெயிலில் மதில் மேல் ஏறி அரை மணி நேரத்தில் களைத்துப் போவார்கள். கண்ணில் பட்ட முதல் கஃபேயில் விலை கூடிய சாண்ட்விச் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குத் திரும்பிவிடுவார்கள். ஊர் திரும்பியதும் "ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிற இடம்" என்பார்கள்.

கோட்டையில் குறை இல்லை, போன நேரத்தில்தான் குறை. மதில் சாயங்காலத்துக்கு, தெருக்கள் அதிகாலைக்கு, ஊர்ச் சாப்பாடு மதியத்துக்கு. இந்த வரிசைப்படி போனால் ஓர் இரவும் ஒரு பகலும் நிறைவாகப் போகும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

1. தேதியை முதலில் முடிவு செய்யுங்கள்

தென்மேற்குக் கரைக்கு நல்ல காலம் டிசம்பர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. மழை நாள் முழுக்கப் பெய்யாது, ஆனால் கடல் கொந்தளிக்கும், மதில் மேல் காற்று தள்ளும், சின்னப் படகுகள் கடலுக்குப் போவது குறையும். மீன் சாப்பிடவே போகிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு மூன்று விஷயங்களை நாள்காட்டியில் பாருங்கள். பௌர்ணமி தோறும் வருகிற போயா நாள் பொது விடுமுறை. அன்று மது விற்பனை கிடையாது, உள்ளூர் மக்கள் குடும்பத்தோடு கோட்டைக்கு வருவார்கள், ரயிலிலும் கூட்டம் இருக்கும். அடுத்து, கோட்டைக்கு எதிரிலேயே இருக்கும் மைதானத்தில் டெஸ்ட் போட்டி நடக்கிறதா என்று பாருங்கள். நடந்தால் அறை வாடகை ஏறிவிடும். கிரிக்கெட் பிடித்தவர்களுக்கோ அதுவே போக வேண்டிய வாரம், மதில் மேலிருந்தே ஆட்டம் தெரியும். மூன்றாவது, வெள்ளிக்கிழமை மதியம். கோட்டைக்குள் முஸ்லிம் குடும்பங்கள் நிறைய. ஜும்மா தொழுகை நேரத்தில் அவர்கள் கடைகள் மூடியிருக்கும்.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் ஈடிஏ எனப்படும் பயண அனுமதியைக் கிளம்புவதற்கு முன்பே இலங்கை அரசின் தளத்தில் எடுத்துவிடுங்கள். தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் இடைத்தரகர் தளங்கள், அவர்கள் கூடுதல் பணம் வாங்குவார்கள்.

2. ஓர் இரவாவது மதிலுக்குள் தங்குங்கள்

உனவட்டுன கடற்கரை பக்கத்தில்தான், விடுதிகளும் மலிவு. ஆனாலும் நான் யாரிடமும் முதல் இரவை அங்கே கழிக்கச் சொல்வதில்லை. பகலில் வந்த சுற்றுலாப் பேருந்துகள் சாயங்காலம் கிளம்பிப் போன பிறகும், காலை எட்டு மணிக்கு முன்பும்தான் கோட்டை அங்கே குடியிருப்பவர்களுடையதாக இருக்கிறது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், வாசலில் உட்கார்ந்து பேசும் பெரியவர்கள், ரொட்டி வண்டிக்காரர் எல்லாம் அப்போதுதான் கண்ணில் படுவார்கள்.

ஆடம்பர ஓட்டல்கள்தான் உள்ளே இருக்கின்றன என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பழைய வீடுகளில் இரண்டு மூன்று அறைகளை வாடகைக்கு விடும் குடும்பங்களும் அங்கே உண்டு. பதிவு செய்யும்போதே இரண்டு கேள்விகள் கேளுங்கள்: காலை உணவு இலங்கை முறையில் கிடைக்குமா, அதை எப்போது சொல்லி வைக்க வேண்டும்? சொல்லாவிட்டால் டோஸ்டும் ஆம்லெட்டும் வரும்.

3. ரயிலில் போங்கள், வலப்பக்கம் உட்காருங்கள்

கொழும்பிலிருந்து இரண்டு வழிகள். கொழும்பின் புறநகரான மாகும்புரவிலிருந்து தெற்கு அதிவேகப் பாதையில் போகும் பேருந்து சுமார் ஒன்றரை மணி நேரத்தில் சேர்த்துவிடும், வழியில் பார்க்க ஒன்றுமில்லை. கடலோர ரயிலுக்கு இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகும், வழி நெடுகக் கடல் கூடவே வரும். போகும்போது ரயில், அவசரமானால் திரும்பும்போது பேருந்து என்பது என் பரிந்துரை.

ரயில் தெற்கே போவதால் கடல் வலப்பக்கம் இருக்கும். இடம் பிடிக்கும்போதே அந்தப் பக்கம் பாருங்கள். முன்பதிவில்லாத டிக்கெட்டைப் பயண நாளில் கவுண்டரில் வாங்கலாம். சிலர் இறங்கியதும் டிக்கெட்டைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். வெளியே போகும் வாயிலில் அதைத் திருப்பிக் கேட்பார்கள், பத்திரமாக வைத்திருங்கள்.

ஒரு குழப்பத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கொழும்பின் பெரிய ரயில் நிலையத்துக்கும் கோட்டை என்றுதான் பெயர். ஆட்டோவில் ஏறி வெறுமனே "கோட்டை" என்றால் அந்தந்த ஊரில் அந்தந்த இடத்துக்குத்தான் கொண்டுபோவார்கள். கொழும்பில் இருக்கும்போது "கோட்டை ஸ்டேஷன்" என்று முழுதாகச் சொல்லுங்கள்.

பிற்பகல் இரண்டு, மூன்று மணி வாக்கில் காலியில் இறங்குவது போல ரயிலைத் தேர்ந்தெடுங்கள். நிலையத்திலிருந்து கோட்டை வாசல் பத்து நிமிட நடை. பெட்டி கனமாக இருந்தால் மட்டும் ஆட்டோ, ஏறும் முன் கட்டணம் பேசிக்கொள்ளுங்கள்.

4. முதல் சாயங்காலம்: மேற்கு மதில்

கோட்டைக்குள் நுழையக் கட்டணம் கிடையாது. வாசலில் நின்று டிக்கெட் வேண்டும் என்று யாராவது சொன்னால் கடந்து போய்விடுங்கள்.

நாலரை மணிக்கு நடையைத் தொடங்குங்கள். 1873-இல் ஆங்கிலேயர் திறந்த பெரிய வாசலுக்குப் பக்கத்திலேயே, மணிக்கூண்டு இருக்கும் சந்திரக் கொத்தளத்தில் ஏறலாம். மேலே ஏறியதும் மைதானமும் ஊரும் கீழே தெரியும். அங்கிருந்து மேற்கே நட்சத்திரக் கொத்தளத்துக்குப் போய், பிறகு கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டே தெற்கு நோக்கி நடக்க வேண்டும். இந்தத் திசைதான் முக்கியம். எதிர்த்திசையில், அதாவது கலங்கரை விளக்கத்தில் தொடங்கி நடந்தால், சூரியன் இறங்கும்போது வடக்கு முனையில் ஊர்ப் பேருந்துச் சத்தத்துக்கு நடுவில் நிற்பீர்கள்.

ஆண்டு முழுவதும் அந்தி ஏறக்குறைய 6 மணிக்கும் 6.30-க்கும் நடுவில்தான். தென்கோடியில் உள்ள கொடிப்பாறைக்கு 5.45-க்குள் போய்ச் சேருங்கள். வழியில் மதிலின் கல்லை ஒரு தடவை கிட்டப் போய்ப் பாருங்கள். கருங்கல்லுக்கு நடுவே தேன்கூட்டைப் போல ஓட்டை ஓட்டையாக இருப்பது பவளப்பாறைத் துண்டு. கையால் தடவினால் மூளைப் பவளத்தின் வரிகள் விரலில் படும். பக்கத்துக் கடலிலிருந்தே எடுத்த கல் அது.

மூன்று எச்சரிக்கைகள் உண்டு. மதிலின் விளிம்பில் கம்பித் தடுப்பு கிடையாது, குழந்தைகளின் கையை விடாதீர்கள். படம் எடுக்கப் பின்னால் நகரும்போது காலடியைப் பாருங்கள். இரண்டாவது, கொடிப்பாறையில் சில இளைஞர்கள் கடலில் குதித்துக் காட்டிப் பணம் கேட்பார்கள். கீழே பாறைகள், ஆழமும் குறைவு. காசு கொடுத்து அந்த ஆபத்தை ஊக்குவிக்க வேண்டாம் என்பது என் கருத்து. மூன்றாவது, "டச்சுக்காரர் காலத்துக் காசு" என்று யாராவது பையிலிருந்து எடுத்துக் காட்டினால் வாங்காதீர்கள். "இன்று மட்டும் ரத்தினக்கல் விற்பனை" என்று அழைப்பவரோடும் போகாதீர்கள்.

மதில் மேல் தின்ன மாங்காயும் அன்னாசியும் மிளகாய்த்தூள், உப்பு தூவிய அச்சாறு கிடைக்கும். இறால் வடையும் இருக்கும். அதுவே போதும், வயிற்றை நிரப்பிக்கொள்ளாதீர்கள். அடுத்த படி சாப்பாடுதான்.

5. இரவு: ஆப்பமும் கொத்தும், சோறு வேண்டாம்

இலங்கையில் சாப்பாட்டுக்கு நேரம் உண்டு, புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். சோறும் கறிகளும் மதியத்துக்கு. ஆப்பம், இடியாப்பம், கொத்து ரொட்டி இவையெல்லாம் சாயங்காலம் சட்டி சூடான பிறகு. மதியம் ஒரு மணிக்கு ஆப்பம் கேட்டால் பல கடைகளில் இல்லை என்பார்கள். இரவு ஒன்பதுக்குச் சோறு கேட்டால் மதியம் மிஞ்சியது வரும்.

ஆப்பத்தில் முதலில் வெறும் ஆப்பம் ஒன்று, பிறகு முட்டை ஆப்பம் ஒன்று சொல்லுங்கள். தொட்டுக்கொள்ள "லுனு மிரிஸ்" கேளுங்கள். வெங்காயம், மிளகாய், உப்பு, எலுமிச்சைச் சாறு சேர்த்து இடித்த கட்டைச் சம்பல் அது. நம் ஊர் ஆப்பத்தோடு தேங்காய்ப்பால் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு இந்தக் காரம் முதல் வாயில் திகைப்பாக இருக்கும், இரண்டாவது ஆப்பத்தில் விடமாட்டார்கள். ஒரேயடியாக ஐந்தாறு சொல்லி வைக்காதீர்கள். ஆறிய ஆப்பத்தின் ஓரம் தோல் போல ஆகிவிடும், ஒவ்வொன்றாகச் சொல்லிச் சூடாகவே சாப்பிடுங்கள்.

கொத்து ரொட்டிக்குக் கோட்டைக்கு வெளியே போவது நல்லது. தகரக் கரண்டி தட்டும் ஓசை கேட்கும் கடை, கூட்டம் நிற்கும் கடை, இந்த இரண்டும் போதுமான அடையாளம். ஒரு தட்டு இரண்டு பேருக்குத் தாராளமாக வரும்.

கோட்டைக்குள் உள்ள உணவகங்களில் பில்லோடு 10 சதவீதச் சேவைக் கட்டணமும் வரியும் சேரலாம். மெனுவின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், உட்காரும் முன் பாருங்கள். மீனுக்கு 100 கிராம் விலை போட்டிருந்தால், "இந்த முழு மீன் எவ்வளவு?" என்று எடை போட்ட பிறகு கேட்டுவிட்டுச் சமைக்கச் சொல்லுங்கள். வஞ்சிரத்தை இலங்கைத் தமிழில் அறக்குளா என்பார்கள், சிங்களத்தில் தோரா. பாரைக்குச் சிங்களத்தில் பரவ். இந்தப் பெயர்கள் தெரிந்தால் மீனைப் பற்றிப் பேச முடியும்.

6. சைவம் சாப்பிடுகிறவர்கள் இதைப் படிக்காமல் போகாதீர்கள்

மாசி என்ற பொருளை நினைவில் வையுங்கள். சூரை மீனை அவித்துப் புகைபோட்டுக் கட்டைபோல உலர்த்தியது. சிங்களத்தில் உம்பலகட. இது தேங்காய்ச் சம்பலில் இருக்கும், காய்கறிக் கறியிலும் சில சமயம் சொதியிலும் கூடப் போடுவார்கள். பொடியாக இடித்துப் போடுவதால் கண்ணுக்குத் தெரியாது. "வெஜிடபிள்" என்று கேட்டு வாங்கிய தட்டிலும் வரும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. அவருக்கு அது மசாலாச் சாமான், மீன் கறியில் சேர்த்தி இல்லை.

அதனால் "சைவம்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். "மாலு எப்பா, மஸ் எப்பா, உம்பலகட எப்பா" என்று மூன்றையும் சொல்லுங்கள். மீன் வேண்டாம், இறைச்சி வேண்டாம், மாசி வேண்டாம். முஸ்லிம் கடைகளில் பெரும்பாலும் தமிழிலேயே பேசலாம், அங்கே "மாசி போடாதது" என்றால் போதும். பருப்பு, பலாக்காய்க் கறி, பீட்ரூட், கத்தரிக்காய் மோஜு எல்லாவற்றையும் தனித்தனியாகக் கேட்பதுதான் பாதுகாப்பு.

7. மறுநாள் காலை: தெருக்கள் முதலில், கட்டடங்கள் பிறகு

ஆறு மணிக்கு எழுந்துவிடுங்கள். கிழக்கு வெளிச்சம் கலங்கரை விளக்கத்தின் மேல் விழும் நேரம் அது. இப்போதுள்ள கோபுரம் 1939-இல் கட்டியது, எதிரிலேயே வெள்ளை வெளேரென்று மீரான் பள்ளிவாசல். அதன் முகப்பைப் பார்த்துத் தேவாலயம் என்று நினைத்துக் காலணியோடு படியேறுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். காலணியைக் கழற்றி, தோளும் முழங்காலும் மூடிய உடையில், அங்கிருப்பவரிடம் கேட்டுவிட்டு, தொழுகை இல்லாத நேரத்தில் உள்ளே போகலாம்.

கிழக்குப் பக்கம் மேற்கைப் போல மதில் மேலேயே தொடர்ந்து நடக்க முடியாது, சில பகுதிகள் அடைத்திருக்கும். அங்கே இறங்கி ஹாஸ்பிடல் வீதி வழியாக வாருங்கள். பிறகு லேன் பான் வீதி, பெட்லர் வீதி, லைட்ஹவுஸ் வீதி என்று குறுக்கும் நெடுக்கும் நடந்தால் போதும். வரைபடம் பார்க்க வேண்டியதில்லை. எந்தத் தெருவில் போனாலும் கடைசியில் மதில்தான், தொலைந்துபோக இடமில்லை.

எட்டு மணிக்குக் காலை உணவு. நேற்றே சொல்லி வைத்திருந்தால் இடியாப்பம், பருப்பு, சொதி, சம்பல் தயாராக இருக்கும். பாற்சோறு கிடைத்தால் அதைச் சம்பலோடு சாப்பிடுங்கள், இனிப்போடு அல்ல.

ஒன்பதரைக்கு மேல் வெயில் ஏறும், அப்போதுதான் கூரைக்குக் கீழே போக வேண்டும். சேர்ச் வீதியில் 1755-இல் கட்டிய டச்சுத் தேவாலயத்தில் தரையே கல்லறைக் கற்களால் ஆனது. மண்டை ஓடும் மணற்கடிகாரமும் செதுக்கிய கற்கள், குனிந்து பார்த்தால் எழுத்துகள் தெளிவாகத் தெரியும். மண்டியிட்டுப் பார்க்கலாம், மேலே நின்று படம் எடுக்க வேண்டாம். அருங்காட்சியகங்களின் விடுமுறை நாளை உங்கள் விடுதியில் கேட்டுவிட்டுப் போங்கள்.

தமிழர்களுக்கு ஒரு தகவல். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ நிறுவிய, 1409-ஆம் ஆண்டைச் சேர்ந்த மும்மொழிக் கல்வெட்டு காலியில் 1911-இல் கிடைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் ஒரே கல்லில். தமிழ்ப் பகுதி தெனவரை நாயனார் என்ற தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது. இதைப் பார்க்கவே காலிக்குப் போகிறவர்கள் உண்டு, ஆனால் மூலக் கல் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைக் கொழும்பில் இருக்கும் நாளில் பார்த்துவிடுங்கள்.

8. மதியம்: பழைய வாசல் வழியாக ஊருக்குள்

பதினொன்றரைக்குக் கோட்டையை விட்டு வெளியேறுங்கள். சுற்றுலாக் கூட்டம் உள்ளே வரும் நேரம், நிழல் இல்லாத நேரம், ஊரில் சோறு வடித்து இறக்கும் நேரம். மூன்றும் ஒன்றாக வருவதால்தான் இந்தப் படியை நடுப்பகலில் வைக்கிறேன்.

பெரிய வாசலை விட்டுவிட்டுப் பழைய வாசல் வழியாகப் போங்கள். உள்பக்க வளைவின் மேல் 1669 என்று ரோமன் எண்ணில் பொறித்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிச் சின்னம், இரண்டு சிங்கங்கள், உச்சியில் சேவல். வெளியே வந்து திரும்பிப் பார்த்தால் அதே வாசலில் ஆங்கிலேய அரசின் சின்னம். இடப்பக்கம் திரும்பி மதிலை ஒட்டி நடந்தால் பேருந்து நிலையம். அதைத் தாண்டினால் மெயின் வீதியும், தூண்கள் தாங்கிய பழைய கூரையின் கீழ் காய்கறி, பழம் விற்கும் டச்சு மார்க்கெட்டும். செவ்விளநீர் ஒன்று குடித்துவிட்டுச் சாப்பிடப் போங்கள். குடித்த பிறகு வழுக்கையை வெட்டித் தரச் சொல்லலாம், கேட்டால்தான் தருவார்கள்.

சோற்றுக் கடையைத் தேர்ந்தெடுக்க ஒரே விதிதான்: பன்னிரண்டரைக்குள் போங்கள், அலுவலகக்காரர்கள் வரிசையில் நிற்கும் கடையாகப் பாருங்கள். இரண்டு மணிக்கு மேல் நல்ல கறிகள் தீர்ந்துவிடும். சிவப்பரிசியா வெள்ளையா என்று கேட்பார்கள், சிவப்பைச் சொல்லுங்கள். சோற்றைச் சுற்றிப் பருப்பு, இரண்டு மூன்று காய்கறி, ஒரு சுண்டல் கீரை, சம்பல், அப்பளம் வரும். காய்கறிகள் பெரும்பாலும் திரும்பக் கேட்டால் போடுவார்கள். மீனுக்கும் கோழிக்கும் தனிக் காசு.

மீன் சாப்பிடுகிறவர்கள் கேட்க வேண்டியது அம்புல் தியல். தென்னிலங்கையின் சொந்தக் கறி இது. சூரை அல்லது கெலவல்லா மீனைச் சதுரத் துண்டுகளாக்கி, கொறக்காய்ப் புளியை அரைத்து மிளகோடும் உப்போடும் பூசி, மண்சட்டியில் ஈரம் வற்றும் வரை சின்னத் தீயில் வைப்பார்கள். குழம்பே இருக்காது. கறுத்துப்போய், சட்டியில் ஒட்டினாற்போலத் தெரியும் துண்டைப் பார்த்து, கருகிவிட்டது என்று தள்ளிவைக்கிறவர்கள் உண்டு. அது கொறக்காயின் நிறம். கொறக்காய் நம் குடம்புளி இனம். அந்தப் புளிப்பும் மிளகும்தான் மீனைக் குளிர்பெட்டி இல்லாமலேயே சில நாள் கெடாமல் காக்கிறது. துண்டை அப்படியே கடிக்காமல், சிறிது பிய்த்துச் சோறு, பருப்போடு பிசைந்து சாப்பிடுங்கள். உப்பும் புளிப்பும் அப்போதுதான் சரியாக அமையும்.

தேநீர்க் கடையில் ஒரு வழக்கம் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் கேட்காமலேயே ரோல்ஸ், பற்றிஸ், வடை அடுக்கிய தட்டு ஒன்றை மேசையில் வைப்பார்கள். எல்லாவற்றுக்கும் பணம் கேட்பார்களோ என்று பயப்பட வேண்டாம். எடுத்துத் தின்றதை மட்டும் எண்ணிக் கணக்குப் போடுவார்கள். தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பி வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

9. கடைசியில் தயிரும் பாணியும், பிறகு கிளம்புங்கள்

எருமைத் தயிரை மண்சட்டியோடு விற்பார்கள், மேலே ஊற்றிக்கொள்ளக் கித்துள் பாணி, அதாவது கித்துள் என்ற பனை வகையின் பதநீரைக் காய்ச்சிய பாகு. சட்டியைச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். தயிர் நகராமல் நின்றால் நல்லது, ஓரத்தில் தண்ணீர் அதிகம் பிரிந்திருந்தால் பழையது. பாணி மிக மலிவாகக் கிடைத்தால் சீனி கலந்ததாக இருக்கலாம். நல்ல பாணியில் இலேசான புகை மணம் இருக்கும். ஒரு சட்டி நாலு பேருக்குப் போதும், அங்கேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். ரயிலில் எடுத்துப் போனால் சட்டி கசியும்.

ஊருக்குக் கொண்டுவர வேண்டுமானால் மாசி, கொறக்காய், கித்துள் பாணி மூன்றும் தாங்கும். கோட்டைக் கடைகளில் வாங்காமல் ஊர்ச் சந்தையில் வாங்குங்கள். பாணிப் போத்தலைக் கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள், பெரிய பெட்டியில் துணிக்கு நடுவே வையுங்கள்.

கொழும்புக்குத் திரும்பும் ரயிலில் கடல் இடப்பக்கம். ஞாயிறு சாயங்கால ரயிலைத் தவிர்த்துவிடுங்கள், நின்றுகொண்டே வர வேண்டியிருக்கும். அன்று கிளம்பித்தான் ஆக வேண்டும் என்றால் அதிவேகப் பாதைப் பேருந்தே மேல். மாத்தறைப் பக்கம் மேலும் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ரயில் காலியில் எஞ்சினை மாற்றிக்கொண்டு எதிர்த்திசையில் புறப்படும். அதுவரை கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்கள் அடுத்த பக்கத்துக்கு மாறிக்கொள்ள வேண்டும்.